மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடாதே, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே அனைவரும் நலம். தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா என்று உன் அக்கா கேட்கச் சொன்னாள். உன் கடிதத்திற்கு இவ்வளவு நாள் பதில் போடாததற்குத் தடப்பள்ளி வாய்க்காலையும் நாற்றங்காலையும் காரணம் காட்டினால் நீ நம்பப் போவதில்லை, ஆகவே காட்டவில்லை. இப்போது அவசரமாக எழுத உட்கார்ந்தது, சந்தையில் நம் ஸ்டேஷன் மாஸ்டர் சொன்ன செய்தியால்தான். கையில் பிடித்து அடிக்கும் உன் ஸ்ப்ரே மெஷின் உதவாக்கரை என்று தீர்ப்பே எழுதிவிட்டாயாம். ஆசாரத்துக் கதவுகள், அதாவது வீட்டுக் கூடத்துக் கதவுகள், கமலா ஆரஞ்சுத் தோலாகச் சொரசொரத்துவிட்டனவாம். கடையில் திருப்பிக் கொடுப்பதற்கு முன் கடைசி முயற்சியாக எனாமலில், நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுக்கான என்.சி. தின்னரைக் கலந்து, காற்றுப் புகாதபடி ஆசாரத்தைச் சாத்திக்கொண்டு அடிக்கப் போகிறாயாம்.

அந்தத் தின்னர் டின்னை இறுக மூடி வீட்டுக்கு வெளியே வை. மற்றதையெல்லாம் பிறகு படித்துக்கொள். மோட்டார் ரீவைண்டிங் செய்தே இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தவன் நீ. காற்றை ஊதும் மோட்டாரில் கார்பன் பிரஷ் இருந்தால் அது உரசும் இடத்தில் பொறி பறக்கும் என்பதை உனக்கு நானா சொல்ல வேண்டும்? என்.சி. தின்னரில் வழக்கமாகச் சேரும் டொலுவீன், 4 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடக்கூடியது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் மேலே போகாது. தரையோடு தரையாக நகரும். உங்கள் ஆசாரத்தை அடுத்துத்தான் பூஜையறை, அங்கே தங்கச்சி இரண்டு வேளையும் விளக்கேற்றுகிறாள். இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. தீயை விட்டுவிட்டாலும் அந்தத் தின்னர் உன் காரியத்தையே கெடுக்கும். பழைய எனாமலின் மேல் பட்டால் அடிப்பூச்சு சுருங்கித் தோலாகக் கிளம்பிவிடும். மிக வேகமாக உலர்வதால் சொரசொரப்பும் கூடும். எனாமலுக்கு மினரல் டர்பன்டைன் போதும். அதற்கும் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், ஆவியை வடிக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி வேண்டும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது தூசிக்கு ஆகும், ஆவிக்கு ஆகாது.

இனி உன் ஆரஞ்சுத் தோலுக்கு வருகிறேன். மெஷினின் துப்பாக்கியிலிருந்து கிளம்பும் பெயிண்ட் துளிகள் கதவில் விழுந்தபின் ஒன்றோடொன்று கலந்து மட்டமாகப் பரவச் சிறிது நேரம் வேண்டும். பெயிண்ட் கெட்டியாக இருந்தால் துளி பெரிதாக உடையும், விழுந்த இடத்திலேயே குந்திக்கொள்ளும். வெகு தூரத்திலிருந்து அடித்தாலோ காற்று வீசினாலோ வழியிலேயே பாதி உலர்ந்துவிடும். இரண்டாலும் வருவது அதே புள்ளிதான். கம்ப்ரசர் வைத்து அடிக்கும் கார் பெயிண்டரிடம் இருக்கும் அழுத்தம் இந்தச் சிறிய மெஷினுக்குக் கிடையாது. இது குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றை ஊதுகிற வகை. ஆகவே பெயிண்டை அதற்கு ஏற்றபடி இளக்கித்தான் கொடுக்க வேண்டும். நீயோ டின்னிலிருந்து நேராக ஊற்றியிருக்கிறாய் என்று பந்தயம் கட்டுகிறேன்.

பேத்தி விளையாட எடுத்துக்கொண்டாள் என்று எழுதியிருந்தாயே ஒரு குட்டிப் பிளாஸ்டிக் புனல், அதை அவளிடமிருந்து கெஞ்சியாவது வாங்கு. பெயிண்ட் எவ்வளவு கெட்டி என்று அளப்பதற்கானது அது; அந்தப் பெட்டியில் மெஷினுக்கு அடுத்தபடி முக்கியமான பொருள் அதுதான். பெயிண்டை நன்றாகக் கலக்கி, புனலை அதில் முழுக்க முக்கி எடுத்து, மேலே வந்த நொடியிலிருந்து கீழே ஒழுகும் தாரை முதன்முதலில் அறுபடும் வரை விநாடிகளை எண்ண வேண்டும். எனாமலுக்கு எத்தனை விநாடி என்பது மெஷினோடு வந்த புத்தகத்தில் அட்டவணையாக இருக்கும். ஒவ்வொரு தயாரிப்பிலும் புனலின் துளை வேறாதலால், பக்கத்து வீட்டுக்காரர் மெஷினின் கணக்கு உனக்குச் செல்லாது. பத்துக்கு ஒரு பங்கு டர்பன்டைனில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அளந்து பார். பிறகு நைலான் துணியில் வடிகட்டாமல் கப்பில் ஊற்றாதே. டின்னின் விளிம்பில் காய்ந்த ஏடு ஒன்று உள்ளே போனாலும் பெயிண்ட் பீச்சும் முனையான நாசில் அடைத்துக்கொள்ளும்.

தூரம் ஒரு சாண் போதும், 20 சென்டிமீட்டர். கையை வில்லாக வளைத்து வீசினால் நடுவில் பெயிண்ட் கூடும், இரு ஓரமும் வறண்டு போகும்; தோளிலிருந்து கையை நகர்த்தி, கதவுக்கு இணையாகவே போக வேண்டும். கை நகரத் தொடங்கியபின் விசையை அழுத்து. நிற்பதற்கு முன் விடு. முன்பு அடித்த பட்டையின் பாதியின் மேல் அடுத்த பட்டை விழட்டும். மெல்லியதாக இரண்டு மூன்று கோட் அடிப்பதுதான் நல்லது. ஒரே கோட்டில் கதையை முடிக்கும் உன் பழைய அவசரம் இங்கே ஒழுகலாகத்தான் வந்து நிற்கும். நம் கணக்கு வாத்தியார் இருந்தால் சாட்சி சொல்வார்.

நடுநடுவே துப்புகிறது என்று எழுதியிருந்தாய். நாசில் முனையில் பெயிண்ட் காய்ந்து மூக்குக் கட்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்துத் துடை. நாசில் தளர்ந்திருந்தாலும், கப்புக்குக் காற்றுப் போகும் சிறு குழாயில் பெயிண்ட் ஏறி அடைத்திருந்தாலும், கப்பில் பெயிண்ட் தீர்ந்துகொண்டிருந்தாலும் அப்படித் துப்பும். உள்ளே உறிஞ்சும் குழாயின் வளைவையும் கவனி: கீழ்நோக்கி அடிக்கும்போது அது நாசிலின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், மேல்நோக்கி அடிக்கும்போது பின்பக்கம். உன் கதவுகளைக் கழற்றிப் பலகைகளின் மேல் படுக்க வைத்து அடி; ஒழுகல் தொல்லை பெரிதும் குறையும்.

எனக்குப் பெரிய கவலை உங்கள் ஊர்க் காற்றுதான். அம்மிணியின் கல்யாணம் ஆவணியில் என்பதால் நீ ஆடியில்தான் பெயிண்ட் அடித்தாக வேண்டும்; உடுமலைக்கும் பல்லடத்துக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆடியில் எப்படி வீசும் என்பதை அங்கே நிற்கும் காற்றாலைகளைக் கேட்டால் போதும். வெளியில் அடித்தால் துளி கதவுக்கு வந்து சேர்வதற்குள் உலரும். போதாக்குறைக்கு உன் பக்கத்து வீட்டுத் தறிகளின் பஞ்சும் ஈரத்தில் ஒட்டும். வண்டிக் கொட்டகையின் மேற்குப் பக்கத்தைத் தார்ப்பாயால் மறைத்து, கிழக்கைத் திறந்துவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, காலையில் காற்று எழுவதற்கு முன் அடித்து முடி.

இப்போது சொரசொரத்துக் கிடக்கும் கதவுகள் நன்றாகக் காய்ந்தபின் 320 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டு அடுத்த கோட் அடிக்கலாம். ஆனால் அது அப்புச்சி காலத்துக் கதவு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி வந்ததே 2016இல்தான். 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் எவ்வளவு இருந்ததோ, யார் கண்டது. ஆகையால் அடிப்பூச்சு வரை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதே. தேய்த்த சேறு காய்வதற்குள் துணியால் துடைத்துக் கட்டி அப்புறப்படுத்து. அந்த வேலை முடியும் வரை பேத்தியைக் கொட்டகைப் பக்கம் விடாதே. ஆசாரத்தில் தவழும் அவள் தம்பியையும்தான்.

வேலை முடிந்த கையோடு டர்பன்டைனை ஊற்றி அடித்து, நாசிலையும் குழாயையும் கழற்றிக் கழுவிவிடு. சாப்பிட்டுவிட்டு வந்து கழுவலாம் என்று வைத்தால் மறுநாள் துப்பல் தொடங்கும்.

முதலில் பழைய பலகை ஒன்றில் அடித்துப் பார். அது காய்ந்ததும், புனலில் எத்தனை விநாடி, எந்த நேரத்தில் அடித்தாய், எவ்வளவு தூரத்தில் பிடித்தாய் என்ற மூன்றையும் எழுதி அனுப்பு. அப்போதும் புள்ளி நின்றால், நாற்று நட்டு முடிந்ததும் நானே பஸ் ஏறி வருகிறேன். மெஷினைத் திருப்புவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் மச்சான்
கோபிசெட்டிபாளையம்