அவரவர் மா, அவரவர் மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணுவிலில் மா அரைக்கிற மில் ஒன்று வைத்திருக்கிறேன். கணவர் தொடங்கியது. அவர் காலமான பிறகு நானும் ஒரு பெடியனுமாக நடத்துகிறோம். 2007 இல், என் 46 வயதில், சீனி வருத்தம் என்று சொன்னார்கள். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 238 இருந்தது. அன்றிலிருந்து குளிசை, பிறகு குளிசையோடு இன்சுலின். பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. போன கிழமை ஓர் அந்தியேட்டி வீட்டில் நடந்ததை மனதுக்குள் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

என் அக்காவின் பேத்திக்கு 12 வயது. எட்டு வயதிலிருந்து இன்சுலின் போடுகிறாள். என்னை ‘மில் அம்மம்மா’ என்றுதான் கூப்பிடுவாள். அன்று சாப்பிட இருந்ததும் வழக்கம்போலப் பையிலிருந்து பேனை போன்ற அந்த ஊசியை எடுத்தாள். பக்கத்தில் இருந்த ஓர் உறவுக்கார அம்மா பார்த்துவிட்டு, “இந்த வயதிலை ஊசியோ? இனிப்பைக் குடுத்துக் குடுத்து வளர்த்தால் இப்பிடித்தான். இதை நிப்பாட்டிப்போட்டு ஒரு மண்டலம் கசாயம் குடுங்கோ, எல்லாம் போயிடும்” என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. பிள்ளையில் உள்ள இரக்கத்தில்தான் சொன்னார். ஆனால் பந்தியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாய் தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளை ஊசியைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டுச் சோறும் வடையும் பாயாசமும் சாப்பிட்டாள்.

ஊசி போடவில்லை என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் தாய்க்குத் தெரிந்தது. அளந்து பார்த்தால் 391. வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்து, அவர் சொன்ன அளவு போட்டு, மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அளந்து, தாயும் பிள்ளையும் விடியும்வரை நித்திரை கொள்ளவில்லை. காலையில் பெறாமகள் என்னிடம் வந்து, “சின்னம்மா, இனி நான் இவளை ஓரிடமும் கூட்டிக்கொண்டு போகமாட்டன்” என்று அழுதாள்.

அந்தப் பிள்ளைக்கு இருப்பது எனக்கு இருக்கிற வருத்தம் அல்ல. பெயர்தான் ஒன்று. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சதையி என்கிற கணையத்தில் இன்சுலின் சுரக்கிற கலங்களை அழித்துவிடுகிறது. இனிப்புச் சாப்பிட்டதால் வந்ததில்லை, தாய் தகப்பன் வளர்த்த முறையால் வந்ததும் இல்லை. வெளியிலிருந்து இன்சுலின் போகாவிட்டால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. இதை எனக்குப் படிப்பித்ததே அவள்தான். நவம்பர் 14 உலக நீரிழிவு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பேசுவதற்காக எழுதிவைத்ததை ஒருநாள் மில்லில் வந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரெடரிக் பான்ரிங் பிறந்த நாள்தான் அந்த 14 ஆம் திகதியாம். 1922 ஜனவரியில் ரொறன்ரோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குத்தான் முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்களாம். அதற்கு முன்னர் இந்த வருத்தம் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டு நாளைக் கடத்தத்தான் வைத்தியர்களால் முடிந்தது. “நூறு வருசத்துக்கு முதல் பிறந்திருந்தால் நான் இல்லை, அம்மம்மா” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடலை கொறித்தாள். அப்படிப்பட்ட பிள்ளையிடம்தான் ஊசியை நிற்பாட்டச் சொல்கிறார்கள்.

மில் வைத்திருப்பதால் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். யார் வீட்டில் சீனி வருத்தம் என்பதை அவர்கள் கொண்டுவருகிற வாளியைப் பார்த்தே சொல்லலாம். முன்பெல்லாம் வறுத்த பச்சையரிசியும் மிளகாய் மல்லியும்தான் வரும். இப்போது குரக்கன் வராத நாளில்லை. ஒருவர் தவிட்டரிசியைக் குருணலாக உடைத்துத் தரச் சொல்வார். இன்னொருவர் ஒடியல் கொண்டுவருவார். உளுந்தும் பயறும் கலந்து வருகிறவர்களும் உண்டு. வரிசையில் நிற்கும்போது ஒருவர் வாளியை மற்றவர் எட்டிப் பார்ப்பார். அதோடு தொடங்கிவிடும். “இதையோ சாப்பிடுறியள்? இது கூடாது, நான் சொல்றதைச் செய்யுங்கோ.”

அந்த வரிசையில் அதிகம் கதைத்தது நான்தான் என்பதையும் சொல்ல வேண்டும். வருத்தம் வந்த முதல் வருடங்களில் சோற்றைக் குறைத்து, இரவில் குரக்கன் கூழ் குடித்து, விடிய எழும்பி நடந்து, மூன்று மாதச் சராசரி காட்டுகிற அந்த எச்பிஏ1சி பரிசோதனையில் 9 இலிருந்து 6.8 க்குக் கொண்டுவந்தேன். வந்ததும் நான் எல்லோருக்கும் வைத்தியராகிவிட்டேன். வருகிறவர்களுக்கெல்லாம் குரக்கன்தான் மருந்து என்று சொன்னேன். பிறகு தம்பி ரொறன்ரோவிலிருந்து அளக்கிற கருவி ஒன்று அனுப்பினான். அதில் பார்த்தபோதுதான் தெரிந்தது, கூழ் குடித்து இரண்டு மணித்தியாலத்தில் எனக்கு 214. ஓர் அகப்பைச் சோறும் நிறைய முருங்கையிலை வறையும் மீனும் சாப்பிட்ட அன்று 165. குரக்கனில் நார்ச்சத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் அதிலும் மாச்சத்து அரிசியளவு இருக்கிறது. அதை நானே மையாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் கெதியாகச் சமித்து இரத்தத்துக்குப் போகத்தானே செய்யும். என் பக்கத்து வீட்டுக்காரிக்கோ அதே குரக்கனில் புட்டு அவித்துச் சாப்பிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. அளந்து காட்டினாள்.

அவள் பாவற்காய்ச் சாறும் குறிஞ்சா இலைச் சம்பலும் எடுப்பவள். கிளினிக் குளிசையையும் விடுவதில்லை. நான் அவளைக் காணும்போதெல்லாம் “உந்தப் பச்சிலையை நம்பிக் கிடக்கிறாய்” என்று ஏசுவேன். கொஞ்ச நாளில் அவள் என்னோடு அதைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டாள். நான் கேட்டு ஏசியது போலக் கிளினிக்கிலும் ஏசுவார்கள் என்று நினைத்து அங்கேயும் சொல்லவில்லை. பாவற்காய்ச் சாறும் சீனியைக் குறைக்கக்கூடியது, குளிசையும் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு விடியற்புறம் அவளுக்குச் சீனி இறங்கிக் குசினியில் விழுந்து கிடந்தாள். வைத்தியருக்கு முன்னமே தெரிந்திருந்தால் குளிசையின் அளவைப் பார்த்திருப்பார். ஏசினால் ஆட்கள் திருந்தமாட்டார்கள், ஒளிப்பார்கள். எனக்கு இது அவள் விழுந்த பிறகுதான் விளங்கியது. அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஒளிப்பது எப்படி என்று எனக்கும் தெரியும். 2019 இல் குளிசை போதாது என்று வைத்தியர் இன்சுலின் தொடங்கினார். எட்டு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்றுதானே எங்கள் ஊரில் சொல்வார்கள். அப்படி இல்லை. என் போன்றவர்களுக்கு வருடம் போகப் போகச் சதையி களைத்துப்போவது வழமை. அது நான் செய்த பிழைக்குத் தண்டனை இல்லை. ஆனாலும் மில்லைப் பூட்டிவிட்டு மிளகாய்ச் சாக்குகளுக்குப் பின்னால் நின்று ஊசி போட்டேன். அந்த நாட்களில் ஒருமுறை சாக்குக் கம்பி ஒன்று பாதத்தில் ஏறி இரண்டு நாள் இருந்திருக்கிறது. இந்த வருத்தத்தால் கால் மரத்துப்போய் எனக்கு உணர்வே இல்லை. பெடியன்தான் நிலத்தில் இரத்தத்தைக் கண்டு சொன்னான். இப்போது மில்லுக்குள்ளும் செருப்புப் போடுகிறேன், படுக்கப் போகுமுன் கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன்.

தம்பிக்கும் இதே வருத்தம். கையில் ஒட்டியிருக்கும் சென்சர் தொலைபேசியில் இலக்கம் காட்டும். சோறு தொடுவதே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஆனி மாதம் வந்து நின்றபோது, நான் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டதற்கு, “அக்கா, உங்களுக்குச் சாக விருப்பமோ” என்று கேட்டான். அவனுக்கு என்னில் எவ்வளவு பாசம் என்று தெரியும். ஆனாலும் அந்தத் துண்டு தொண்டையில் இறங்கவில்லை. அந்த மாம்பழத்துக்காக அன்று மத்தியானம் சோற்றை நான் பாதியாக்கியிருந்தேன். அதை அவன் கேட்கவில்லை.

இன்னொருவரைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் பக்கம் ஓட்டோ ஓடுகிற ஒரு தம்பி. விடிய ஐந்து மணிக்குத் தொடங்கினால் இரவு எட்டுமட்டும் ஓட்டம். ஒரு பணிஸும் பிளேன்ரீயும்தான் பகல் சாப்பாடு. அவருக்கு நேரத்துக்குச் சாப்பிடு, ஐந்து மணிக்கு நட என்று சொல்லி என்ன பிரயோசனம்? போன வருடம் கந்தசஷ்டி விரதம் பிடித்துக்கொண்டு ஆறு நாளும் ஓட்டம் ஓடினார். காலைக் குளிசையையும் விடவில்லை. விரதம் என்று கிளினிக்கில் சொன்னால் வேண்டாம் என்பார்கள் என்று பயந்து சொல்லாமல் இருந்தார். நாலாம் நாள் மில்லில் அரிசி இறக்க வந்தவர் நின்றபடியே வேர்த்து ஒழுகினார். கை நடுங்கியது, கதை குழறியது. “காலையிலேயே தண்ணி போட்டிட்டார் போல” என்று ஒருவர் சொன்னார். நான் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து அவர் வாயில் வைத்தேன். “அக்கா, சீனி வருத்தக்காரனுக்குச் சீனியோ குடுக்கிறியள்?” என்று வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். கால் மணித்தியாலத்தில் அவர் நிமிர்ந்து இருந்தார். பிறகு இரண்டு இடியப்பம் கொடுத்தேன். “விரதம் முறிஞ்சு போச்சே அக்கா” என்று கண் கலங்கினார். அடுத்த முறை வைத்தியரிடம் முதலே சொல்லிக் குளிசையை மாற்றிக் கேட்போம், நானும் கூட வருகிறேன் என்றேன். இந்த வருடம் சஷ்டிக்கு முன்பு போனோம்.

சீனி 70 க்குக் கீழே இறங்கினால் அந்த நேரத்தில் சீனிதான் மருந்து. எங்கள் ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குக்கூடத் தெரிவதில்லை. ஆள் மயங்கி விழுங்க முடியாமல் கிடந்தால் மட்டும் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. 1990 க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓர் இடத்தில் மட்டும் நான் யார் என்றாலும் மறித்துச் சொல்வேன். கசாயமோ, சாறோ, பத்தியமோ, நேர்த்தியோ, எதைச் சேர்த்தாலும் வைத்தியருக்குச் சொல்லிச் சேர்க்கட்டும். இன்சுலினில் இருக்கிற பிள்ளையிடம் அதை நிற்பாட்டச் சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை.

என் மாமிக்கும் இன்சுலின்தான். தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை, மருந்துக்கும் தட்டுப்பாடு. ஒரு பெரிய சட்டிக்குள் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்ன முட்டியை வைத்து, அதில் குப்பியை வைப்பார். 1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோது அந்தக் குப்பியை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டினார். சாவகச்சேரியில் எங்களுக்குத் திண்ணை தந்த வீட்டில் ஐயாவுக்கும் சலரோகம். அவர் ஆங்கில மருந்து தொடாதவர், ஆவாரம்பூக் கசாயம் மட்டும்தான். அந்த ஐயா முதல் நாளே மாமியிடம், “உங்கட மருந்துக்கு என்ன வேணும் பிள்ளை?” என்று கேட்டார். குளிர்ச்சி வேணும் என்றதும் தங்கள் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் மண் கிண்டி இடம் செய்து கொடுத்தார். நேரத்துக்கு ஊசி போட்டாச்சோ என்று தினமும் கேட்பார். மாமி அவருக்கு ஆவாரம்பூ பிடுங்கிக் கொடுப்பார். 2022 இல் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது என் இன்சுலினுக்கு நானும் அதே மாதிரிச் சட்டியும் மணலும்தான் வைத்தேன். அந்த ஐயாவை அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். சீனி வருத்தம் முப்பது நாளில் அடியோடு குணமாகும் என்ற விளம்பரங்கள் உங்கள் பத்திரிகையில் மட்டுமல்ல, எல்லாப் பத்திரிகையிலும் வருகின்றன. அவற்றைப் போடுவதை நிறுத்துங்கள். முடியாவிட்டால் இன்சுலினை நிற்பாட்ட வேண்டாம் என்ற ஒரு வரியாவது பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். சீனி இறங்கினால் என்ன அடையாளம், என்ன செய்ய வேண்டும் என்பதை வெட்டி ஒட்டக்கூடிய அளவில் ஒருநாள் வெளியிட்டால் முதல் பிரதியை என் மில் சுவரில் ஒட்டுவேன்.

அடுத்த மாதம் எங்கள் வீட்டில் ஒரு பிறந்தநாள். பேத்தியையும் தாயையும் நானே போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். சாப்பிடுமுன் இரண்டு பேரும் ஒன்றாக இருந்து ஊசி போடுவோம் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். தனக்கு எத்தனை அலகு, எனக்கு எத்தனை அலகு என்று பார்ப்போம் என்கிறாள்.

இப்படிக்கு,
மில் நடத்தும் ஒரு வாசகி,
இணுவில்.