குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2020 – மார்ச் 2021)

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தாய்மார்களே, பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வருடாவருடம் மார்ச் கடைசி ஞாயிறன்று அம்மன் கோயில் மண்டபத்தில் பாய் விரித்து நம் பொதுக்குழு கூடும். போன வருடம் அந்த ஞாயிறு வருவதற்குள், மார்ச் 24 மாலை 6 மணிக்கே தமிழ்நாட்டில் தடையுத்தரவு வந்துவிட்டது. கூட்டமும் நடக்கவில்லை, அறிக்கையும் வாசிக்கவில்லை. இன்று, 2021 மார்ச் 28, கோயிலுக்குப் பின்னால் காலி மனையில் தள்ளித் தள்ளி நாற்காலி போட்டு, முகக்கவசத்தோடு கூடியிருக்கிறோம். அறிக்கை இந்த முறை கொஞ்சம் நீளம். பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

கொரோனாவில் நம் தெரு மூன்று பேரை இழந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்ற பெரியவர், முனை வீட்டு இட்லிக் கடை ஆயா, இந்தச் சங்கத்தில் ஆறு வருடம் துணைச் செயலாளராக இருந்த நம் ஆட்டோக்கார அண்ணன். மூவரையும் நாம் சரியாக வழியனுப்பவில்லை. மாலை போடவில்லை, பறை ஒலிக்கவில்லை, வீட்டு வாசலுக்குக்கூட யாரும் போகவில்லை. அறிக்கையைத் தொடரும் முன் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

நம் தெருவில் 62 கதவு எண்கள், ஏறக்குறைய 140 குடும்பங்கள். பாதிக்கு மேல் ஒண்டுக்குடித்தனம். ஒரு வாசல், ஆறு போர்ஷன், ஒரே கழிப்பறை. "வீட்டிலேயே இருங்கள், தனித்திருங்கள்" என்று டிவியில் சொன்னார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் எப்படித் தனித்திருப்பது என்று என்னிடம் கேட்டவர்களுக்கு அன்று பதில் சொல்ல முடியவில்லை. செய்கிற வேலைகளும் அப்படித்தான். எம்.சி. ரோடு ஜவுளிக் கடை, துறைமுகம், காசிமேடு, ஆட்டோ, வீட்டு வேலை. எதையும் வீட்டில் உட்கார்ந்து செய்ய முடியாது.

ஏப்ரலில் ரேஷன் கடையில் அட்டைக்கு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தார்கள். டோக்கனை வீடு வீடாகக் கொடுத்ததால் கூட்டம் ஓரளவு கட்டுப்பட்டது. அட்டை இல்லாதவர்கள்தான் தவித்தார்கள். மாடியில் வாடகைக்கு இருந்த பீகார் பையன்கள் ஒன்பது பேர், ஊரிலிருந்து மகள் பிரசவத்துக்கு வந்து இங்கேயே மாட்டிக்கொண்ட ஒரு குடும்பம், இப்படிப் பதினான்கு அடுப்புகளுக்குச் சங்கம் இரண்டு மாதம் மளிகை கொடுத்தது. அந்தப் பணம் ஆடித் திருவிழாவுக்காகச் சேர்த்து வைத்தது. எடுக்கலாமா என்று கோயில் பெரியவரிடம் கேட்டபோது, "அம்மன் பசியோட இருக்கிறவன் வீட்டுலதான் இருப்பா, எடுத்துக்கோ" என்றார். அவருக்கு என் நன்றி.

அடிபம்பு விஷயத்தையும் பதிவு செய்ய வேண்டும். தினமும் நூறு கைகள் படுகிற இரும்புப் பிடி அது. வட்டம் போட்டுக் குடத்தை வரிசையில் வைத்தோம், சரி. ஆனால் பிடியை எல்லோரும் தொட்டுத்தானே ஆக வேண்டும்? எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்தான் வழி சொன்னாள். சோப்பைப் பழைய சாக்ஸுக்குள் போட்டுப் பம்பின் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிட்டோம். அடிக்கும் முன் ஒரு முறை, குடத்தைத் தூக்கும் முன் ஒரு முறை கை கழுவுவது என்று பழகினோம். வருடம் முழுக்க அந்த சாக்ஸ் காலியாக இருந்ததில்லை. யார் யாரோ சோப்பு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். கணக்கில் நான்கு சோப்புக்குத்தான் ரசீது இருக்கிறது.

இனி சொல்லப்போவது வருத்தமான பகுதி. தவிர்க்கலாமே என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் 19 அன்று கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் இதே சென்னையில் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. கடைசியில் அவருடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தன் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினார். செய்தியைப் பார்த்து நாமெல்லாம் "மனுஷங்களா இவங்க" என்று கேட்டோம்.

மே 5 அன்று கோயம்பேடு சந்தையை மூடினார்கள், மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. தினமும் விடியற்காலை கோயம்பேட்டுக்குப் போய்க் காய் எடுத்து வந்து நமக்குத் தள்ளுவண்டியில் விற்றவருக்குப் பரிசோதனை செய்தார்கள். நம் தெருவின் முதல் பாசிட்டிவ் அவர்தான். கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து வாசலில் தகரம் அடித்தார்கள். அந்தச் சத்தத்துக்குத் தெருவே வெளியே வந்தது. ஒருவர்கூட "பயப்படாதே" என்று சொல்லவில்லை. "இவனாலதான்" என்று கத்தியது என் காதில் விழுந்தது. ஒரு வாரம் அந்த வாசலில் இருந்த மற்ற போர்ஷன்காரர்களுக்குப் பால் பாக்கெட் போடவும் ஆள் இல்லை. நானும் அன்று மாடியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு நம் தெருவில் யாருக்கும் காய்ச்சலே வரவில்லை! தினமும் காலையில் தெர்மாமீட்டரோடு வரும் களப்பணியாளர் பெண்கள் கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில், "நல்லா இருக்கோம்." மருந்துக் கடையில் மட்டும் பாராசிட்டமால் தீர்ந்துபோனது. நம் இராயபுரம் மண்டலம் அப்போது நகரத்திலேயே அதிகத் தொற்று உள்ள மண்டலமாக இருந்தது. நம் தெருவில் மட்டும் நோய் இல்லை என்று நம்பியிருக்கக் கூடாது.

ஜூன் 19-இல் மறுபடியும் முழு ஊரடங்கு தொடங்கிய வாரத்தில் ஆட்டோக்கார அண்ணனுக்குக் காய்ச்சல். ஐந்து நாள் மறைத்திருக்கிறார்கள். அண்ணி கேட்டவர்களிடம் வெயில் சூடு என்றார். ஆறாம் நாள் இரவு மூச்சு இரைத்தபோதுதான் கதவைத் தட்டினார்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தது, ஒரு மருத்துவமனையில் படுக்கை இல்லை என்று இன்னொன்றுக்குப் போனது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சென்னையில் மட்டும் ஒரே நாளில் 2,000 பேருக்கு மேல் தொற்று வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். பிறகு அண்ணி என்னிடம் சொன்னது: "தகரம் அடிப்பாங்கன்னுதான் தம்பி சொல்லல. புள்ளைங்கள யாரும் பாக்க மாட்டாங்கன்னு பயந்துட்டோம்."

அவர் பயந்தது நோய்க்கு அல்ல, நமக்கு. இந்த வருடத்து வேலைகளில் நான் முக்கியமாக நினைப்பவை எல்லாம் அந்த வாக்கியத்துக்குப் பிறகு தொடங்கியவை.

ஜூலை முதல் ஞாயிறு, வீட்டுக்கு ஒருவராக மாடியில் நிற்கவைத்துக் கீழே தெருவிலிருந்து மைக்கில் பேசினோம். மூன்று முடிவு எடுத்தோம். காய்ச்சல் வந்த வீட்டைப் பற்றித் தெருவில் நின்று பேசுவதில்லை. அந்த வாசலுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் பாலும் தண்ணீரும் சங்கம் பார்த்துக்கொள்ளும். கார்ப்பரேஷன் வண்டி வரும்போது செயற்குழுவில் ஒருவர் கட்டாயம் அந்த வீட்டு வாசலில், தள்ளி நின்றாவது, கூட இருப்பார். மூன்றாவதைச் சொன்னது நம் பொருளாளர். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். வண்டியில் ஏறுகிறவர் திரும்பிப் பார்க்கும்போது தெரிந்த முகம் ஒன்று நிற்பது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். இரண்டு வாங்கினோம். ஒன்று இஸ்திரிக் கடையில், ஒன்று என் வீட்டில். அண்ணனுக்கு ஐந்து நாளும் மூச்சுத் திணறல் தெரியவில்லை, ஆனால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கிக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். இந்த நோயின் சூழ்ச்சி அது. உடம்பு தாங்குவதுபோல் காட்டும். அதனால் காய்ச்சல் உள்ளவர் காலையும் மாலையும் விரலில் மாட்டிப் பார்க்க வேண்டும். 94-க்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். நெயில் பாலிஷ், மருதாணி உள்ள விரலில் அளவு தப்பாகக் காட்டலாம், வேறு விரலில் பாருங்கள். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுக் கொடுங்கள்.

கழிப்பறை பொதுவாக உள்ள வீடுகளில் வீட்டுத் தனிமைக்கு அனுமதி கிடையாது. தனி அறையும் தனிக் கழிப்பறையும் இருந்தால்தான் அனுமதிப்பார்கள். மற்றவர்கள் போக வேண்டிய கொரோனா தனிமை முகாமைத் தண்டனையாக நினைத்தவர்களுக்கு, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் பத்து நாள் இருந்து வந்த நம் தையல்கார அக்காவையே பேசவைத்தோம். படுக்கை, சாப்பாடு, அங்கே பேசிப் பழகியவர்கள் என்று அவர் சொல்லச் சொல்லப் பயம் குறைந்தது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் கார்ப்பரேஷன் காய்ச்சல் முகாம் கோயில் வாசலிலேயே நடந்தபோது நம் தெருவிலிருந்து 23 பேர் தாங்களாகவே வந்து பரிசோதித்துக்கொண்டார்கள். எட்டுப் பேருக்குத் தொற்று இருந்தது. எட்டுப் பேரும் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

கபசுரக் குடிநீர் பற்றி ஒரு வார்த்தை. தினமும் காய்ச்சிக் கொடுத்த இளைஞர்களுக்கு நன்றி. ஆனால் அதைக் குடித்துவிட்டோமே என்று முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியவர்களையும் நான் பார்த்தேன். குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது முகக்கவசத்துக்கு ஈடாகாது.

ஆடி மாதம் கூழ் ஊற்றவில்லை. எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் முறை. பூசாரி மட்டும் ஒரு பானை வைத்துப் படைத்தார். விநாயகர் சதுர்த்திக்குத் தெருவில் சிலை வைக்கவில்லை. நவம்பரில் நிவர் புயலின்போது தண்ணீர் புகுந்த வீட்டுக்காரர்களைப் பள்ளியில் தங்கவைத்தோம், தொற்று பரவவில்லை.

பிள்ளைகள் படிப்பு பற்றி மனசு ஆறவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வை ஜூன் 9-இல் ரத்து செய்து எல்லோருக்கும் தேர்ச்சி அறிவித்தபோது கைதட்டினோம். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார் என்றால் ஆன்லைன் வகுப்பு எங்கே நடக்கும்? கல்வித் தொலைக்காட்சி பார்க்கப் பிள்ளைகளை உட்காரவைக்க ஆள் வேண்டும். கல்லூரியில் படிக்கும் நம் நான்கு பெண்கள் செப்டம்பரிலிருந்து மொட்டைமாடியில், காற்றோட்டமாக, ஆறு ஆறு பேராகப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனாலும் இரண்டு பையன்கள் படிப்பை விட்டு எம்.சி. ரோட்டில் வேலைக்குப் போய்விட்டார்கள். ஜனவரி 19-இல் பத்தாம் வகுப்புத் திறந்தபோது அவர்களைத் திருப்பி அனுப்ப முயன்றோம். முடியவில்லை. அடுத்த செயற்குழு இதை விடாமல் பார்க்க வேண்டும் என்று எழுதி வைக்கிறேன்.

இன்றைய நிலைமை. பிப்ரவரியில் மாநிலத்தில் ஒரு நாள் எண்ணிக்கை 500-க்கும் கீழே இருந்தது. நேற்று 2,000-ஐத் தாண்டிவிட்டது. போன வாரம் 9, 10, 11-ஆம் வகுப்புகளை மறுபடி மூடிவிட்டார்கள். தேர்தல் கூட்டங்களுக்குப் போய்வருகிறவர்களை நான் தடுக்க முடியாது. மூக்கை மூடிக்கொண்டு போங்கள், வீட்டில் வயதானவர் இருந்தால் வந்ததும் அவர் பக்கத்தில் உட்காராதீர்கள்.

மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். நம் தெருவில் 31 பெரியவர்கள் போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு ஒரு நாள் காய்ச்சலும் கைவலியும், அவ்வளவுதான். ஏப்ரல் 1 முதல் 45 வயது ஆன எல்லோருக்கும் உண்டு. கோவிஷீல்டு போட்டவர்கள் இரண்டாம் ஊசிக்கு ஆறு முதல் எட்டு வாரம் என்று இப்போது மாற்றியிருக்கிறார்கள், சீட்டைத் தொலைக்க வேண்டாம். வியாழக்கிழமை காலை 9 மணிக்குப் பிள்ளையார் கோயில் முனையிலிருந்து கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போகும். வாடகை சங்கத்தினுடையது. ஆதார் அட்டை எடுத்து வாருங்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஆட்டோ நம் அண்ணனுடையதுதான், அவர் மகன் ஓட்டுகிறான்.

வரவு 1,18,400 ரூபாய், செலவு 1,12,950, கையிருப்பு 5,450. ஆடித் திருவிழா நிதியிலிருந்து எடுத்த 40,000 இன்னும் திருப்பி வைக்கப்படவில்லை. விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்