அந்த ஆறு பக்கங்களோடு தமிழில் ஒரு பக்கம் தாருங்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் உளவியல், கற்றல் மதிப்பீடு செய்துவரும் நிபுணர்களுக்கு,

வணக்கம்.

பண்ருட்டி பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்புப் பையன் ஒருவனை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நாலாம் வகுப்பு படிக்கிறான். கணக்கு மனசிலேயே ஓடும். கிலோவுக்கு இவ்வளவு கூலி என்றால் மூட்டைக்கு எவ்வளவு என்று கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். பலகையில் இருப்பதைப் படிக்கச் சொன்னால் மட்டும் தலையைக் குனிந்துகொள்வான். ‘கொடி’ என்று சொன்னால் ‘காடி’ என்று எழுதுவான். கொம்பின் ஓசை காதில் விழுவது மெய்யெழுத்துக்குப் பின்னால், கையால் போடுவது முன்னால். மற்ற பிள்ளைகள் இதை எப்படியோ தாண்டிவிடுகிறார்கள், இவனால் முடியவில்லை. ஒரு வருடம் அதைச் சோம்பல் என்றே நினைத்து இம்போசிஷன் எழுத வைத்தேன். இன்று வரைக்கும் அது மனதை உறுத்துகிறது.

கடைசியில் அவனையும் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரியில் ஒரு மையத்துக்குப் போனேன். மூன்று நாள் போக வேண்டியிருந்தது. அவன் அம்மா முந்திரி உடைக்கப் போகிறவர். மூன்று நாள் கூலி போனது, கட்டணம் தனி. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளைக் கொடுத்து, படத்தில் உள்ளதுபோல் அடுக்கச் சொன்னார்கள். அடுக்கிவிட்டு அடுத்த படத்துக்குக் கையை நீட்டினான். அப்படி ஒரு முகத்தை என் வகுப்பில் நான் பார்த்ததே இல்லை. அப்புறம் படிக்க ஒரு தாளைக் கொடுத்தார்கள். நீட்டிய கை மடிக்குள் போய்விட்டது.

அறிவுத்திறனில் குறையில்லை, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அதாவது அறிவு நன்றாக இருந்தும் படிப்பது, எழுதுவது போன்றவற்றில் மட்டும் வரும் தடை என்பது முடிவு. அறிக்கை ஆறு பக்கம், முழுக்க ஆங்கிலம். அவன் அம்மா அதை மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த கவரில் பத்திரமாக வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், “இதுல என்ன போட்டிருக்கு டீச்சர், புள்ள பாஸா?” என்று கேட்டார். எனக்கே பாதிதான் புரிந்தது.

உங்கள் வேலையின் அருமை எனக்குத் தெரியும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ ஆசிரியரே முதலில் கவனிக்க வேண்டும், பிறகு குழந்தை மருத்துவர், அதன் பிறகு உளவியலாளர் என்று 2018-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் சொன்னது. எட்டு வயதில் வாங்கும் சான்றிதழுக்காக 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி வர வேண்டும் என்றும் அதில் இருந்தது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் எல்லாம் இந்தச் சான்றிதழை வைத்துத்தான் கிடைக்கும். இவ்வளவும் அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டியவை. ஆனால் அவரால் படிக்க முடிகிற ஒரு வரிகூட அந்தக் கவரில் இல்லை.

அதனால் கேட்கிறேன். ஆங்கில அறிக்கை அலுவலகங்களுக்குத் தேவை என்றால் இருக்கட்டும். கூடவே ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், தமிழில் எழுதிக் கொடுங்கள். பிள்ளை எதில் கெட்டி, எங்கே தடுக்குகிறது, அடுத்து எப்போது எங்கே வர வேண்டும், வீட்டில் என்ன செய்யலாம் என்று இருந்தால் போதும். வகுப்பு ஆசிரியருக்கும் நாலு வரி எழுதுங்கள். வாய்மொழியாகக் கேள்வி கேட்கலாமா, சத்தமாகப் படிக்கச் சொல்வதை நிறுத்திவிடலாமா என்று தெரிந்திருந்தால் மறுநாள் காலையிலேயே நான் ஆரம்பித்திருப்பேன். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்கு முதலில் தமிழ்ப் பத்தியையே கொடுங்கள். நாங்கள் போன இடத்தில் ஆங்கிலத் தாள்தான் முதலில் வந்தது. நான் உள்ளே போய்ச் சொன்ன பிறகுதான் மாற்றினார்கள்.

இன்னொன்றும் உண்டு. பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்த அந்த அம்மா, “அவங்க அப்பாவும் இப்படித்தான் டீச்சர். போர்டு படிக்க மாட்டாரு, கலரைப் பாத்துத்தான் பஸ் ஏறுவாரு” என்றார். எட்டாவதோடு படிப்பை விட்டவர் அவன் அப்பா. மூன்று நாளும் அவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் குறை குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த முறை ஒரு பிள்ளை வந்தால், “உங்களுக்குப் படிப்பு எப்படி இருந்தது?” என்று அப்பாவையும் அம்மாவையும் கேளுங்கள். தன்னை மக்கு என்றே நம்பி முப்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்ட ஒருவருக்கும் உங்கள் அறையில் ஒரு நாற்காலி வேண்டும்.

இப்படிக்கு,
பண்ருட்டி வட்டாரப் பள்ளி ஆசிரியை ஒருவர்