நூறு சதவீதக் கை: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா, அப்பாவிடம் சொல். பி.எல். முடித்த கையோடு அமெரிக்கா வந்து மேலே படிக்கலாமா என்று கேட்டிருந்தாய். விசா, செலவெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் இங்குள்ள லா ஸ்கூலில் பாடம் எப்படி நடக்கிறது என்று நீ தெரிந்துகொள். அது தெரியாமல் வந்தால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட முதல் செமஸ்டரில் திணறிப்போவார்கள்.

இங்கே பொதுவாக ஒரு பட்டம் முடித்த பிறகுதான் சட்டம் படிக்க முடியும். ஜே.டி. (ஜூரிஸ் டாக்டர்) என்ற அந்தச் சட்டப் பட்டப் படிப்பு மூன்று வருடம். அமெரிக்க பார் அசோசியேஷன் என்ற வழக்கறிஞர் சங்கத்தின் விதிப்படி குறைந்தது 83 கிரெடிட் எடுக்க வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேரம் படிப்பு என்று விதியிலேயே கணக்கு இருக்கிறது. ஒரு செமஸ்டரில் 15 கிரெடிட் எடுப்பவருக்கு வாரம் 45 மணி நேரம் அதிலேயே போய்விடும். உனக்கு ஏற்கெனவே சட்டப் பட்டம் இருக்கும் என்பதால் எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்பு போதும், ஒரு வருடம், பெரும்பாலும் 24 கிரெடிட். ஆனால் பல வகுப்புகளில் ஜே.டி. மாணவர்களோடு சேர்ந்துதான் உட்கார வேண்டியிருக்கும். அவர்கள் முதல் வருடம் முழுக்க ஒரு பயிற்சியில் ஊறி வந்திருப்பார்கள். அதை நீ வந்திறங்கிய முதல் மாதத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும்.

1870இல் லாங்டெல் என்பவர் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் டீன் ஆனார். அதுவரை ஆசிரியர் விதிகளைச் சொல்லுவார், மாணவர் எழுதிக்கொள்வார். லாங்டெல் அதை மாற்றினார்: தீர்ப்புகளைத் தொகுத்துக் கையில் கொடுத்து, விதியை நீயே கண்டுபிடி என்றார். அவருடைய ஒப்பந்தச் சட்டத் தொகுப்பு 1871இல் வந்தது. இன்றும் முதல் வருடப் பாடங்கள் அந்த வழியில்தான் நடக்கின்றன. ‘கேஸ் புக்’ என்ற தடித்த புத்தகத்தைத் திறந்தால் தீர்ப்புக்குப் பின் தீர்ப்பு வரும், தீர்ப்பின் முடிவில் கேள்விகள் வரும். விடை எங்கும் இருக்காது.

ஓர் உதாரணத்தை விரிவாகவே எழுதுகிறேன். நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றம் 1929இல் தீர்த்த ஹாக்கின்ஸ் எதிர் மெக்கீ வழக்கு. மின்கம்பி பட்டு வெந்த தழும்பு ஒரு பையனின் உள்ளங்கையில் இருந்தது. டாக்டர், கையை நூறு சதவீதம் சரியாக்கித் தருகிறேன், உத்தரவாதம் என்றார். தழும்பை நீக்கிவிட்டு நெஞ்சிலிருந்து தோலை எடுத்து ஒட்டினார். கை முன்பிருந்ததைவிட மோசமானது. ஜூரி 3,000 டாலர் கொடுக்கச் சொன்னது. 500 டாலருக்கு மேற்பட்டதை விட்டுக்கொடுக்க வாதியான பையன் சம்மதிக்காததால், தொகை மிகை என்று விசாரணை நீதிபதி அதை ரத்து செய்தார்.

வகுப்பில் பேராசிரியர் யாரை வேண்டுமானாலும் பெயர் சொல்லி எழுப்புவார். ‘கோல்ட் கால்’ என்பார்கள். முதல் கேள்வி: மூன்று நான்கு நாளில் பையன் வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் அதே டாக்டர்தானே சொன்னார், அது ஏன் வாக்குறுதி ஆகவில்லை? நீதிமன்றம் அதை வெறும் அபிப்பிராயம் என்று தள்ளிவிட்டது. நூறு சதவீதக் கை என்ற பேச்சை மட்டும் ஜூரி வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. டாக்டருக்குத் தோல் ஒட்டும் சிகிச்சையைச் செய்துபார்க்கும் ஆசை இருந்தது, அவரே திரும்பத் திரும்ப வந்து கேட்டார் என்று சாட்சியம் இருந்தது. அடுத்த கேள்வி உடனே வரும்: அவர் கேட்டு வரவில்லை, குடும்பம்தான் தேடிப் போனது என்றால்? பிறகு இழப்பீடு. முன்பிருந்த கையின் மதிப்பு 40, வாக்களித்த கை 100, கிடைத்த கை 20 என்று வைத்துக்கொள். பழைய நிலைக்குத் திருப்ப 20 போதும். வாக்களித்ததைக் கொடுக்க 80 வேண்டும். நீதிமன்றம் சொன்னது இந்த 80இன் வழி. அப்படியானால் அறுவையின் வலிக்குத் தனியாகப் பணம் உண்டா? இல்லை, நல்ல கை கிடைத்திருந்தாலும் அந்த வலி பட்டிருக்கத்தான் வேண்டும், அது நல்ல கைக்காகத் தர ஒப்புக்கொண்ட விலையின் ஒரு பங்கு. ஜூரி வலியையும் கணக்கில் சேர்க்க விட்டது பிழை என்று மறு விசாரணைக்கு உத்தரவானது.

இதைப் படித்துவிட்டு “டாக்டர் வாக்குக் கொடுத்தால் பொறுப்பு” என்று எழுதிவைத்தால் ஒன்றும் கற்றதாகாது. எந்த உண்மை மாறினால் முடிவு மாறும் என்று சொல்லத் தெரிய வேண்டும். இந்தக் கல்வி முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

வகுப்புக்கு முன் ஒவ்வொரு தீர்ப்புக்கும் ‘கேஸ் பிரீஃப்’ எழுது: எந்த நீதிமன்றம், எந்த வருடம், கீழ் நீதிமன்றத்தில் என்ன நடந்து மேலே வந்தது, முடிவைத் தொடும் உண்மைகள், எழுவினா (நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்வி), விதி, காரணம், முடிவு. ஒரு பக்கத்தைத் தாண்டினால் நீ சுருக்கவில்லை, அப்படியே நகலெடுத்திருக்கிறாய். வழக்கு எந்த நிலையில் மேலே வந்தது என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால், நீதிமன்றம் உண்மையைத் தீர்மானித்ததா, ஜூரியிடம் விடலாம் என்று மட்டும் சொன்னதா என்பதே குழம்பிவிடும்.

பெரும்பாலான பாடங்களில் மதிப்பெண் முழுக்க ஒரே இறுதித் தேர்விலிருந்து வருகிறது. மூன்று நான்கு மணி நேரம், பல இடங்களில் புத்தகம் திறந்து எழுதலாம். பெயர் கிடையாது, எண் மட்டும். கிரேடு ‘கர்வ்’ முறையில், பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுத்தான். கேள்வி ஒரு நீண்ட கதையாக வரும். அதற்குள் பல சிக்கல்கள் ஒளிந்திருக்கும். சிக்கலைச் சொல், விதியைச் சொல், கதையின் உண்மைகளை விதியோடு பொருத்து, முடிவைச் சொல். ‘ஐராக்’ என்பது இதுதான். மதிப்பெண் மூன்றாவது படியில்தான் குவிகிறது. மனப்பாடம் செய்து வந்தவர்கள் விதியை இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் பொருத்துவதை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் எழுது. ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ஏனென்றால்’ வருகிறதா என்று பார்.

செமஸ்டரின் நடுவிலேயே உன் கையால் ‘அவுட்லைன்’, அதாவது பாடச் சுருக்கம், போடத் தொடங்கிவிடு. சீனியர்களிடமிருந்து வாங்கியது உதவாது. அதைச் செய்யும்போதுதான் பாடம் மண்டையில் ஏறும். பழைய கேள்வித்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பார்.

எழுத்துப் பாடத்தில் முடிவை முதலில் சொல்ல வேண்டும், காரணம் பின்னால். மேற்கோள் காட்டும் தீர்ப்பு இன்னும் செல்லுமா என்று வெஸ்ட்லா, லெக்சிஸ் போன்ற இணையச் சட்டத் தொகுப்புகளில் சரிபார்க்காமல் எழுதாதே. இன்னொன்றை மிகவும் கவனமாகக் கேள். யாருடைய வாக்கியத்தையாவது மேற்கோள் குறி இல்லாமல் எடுத்தால் அது ஒழுங்கு நடவடிக்கையாகிவிடும். பின்னால் வழக்கறிஞராகப் பதியும்போது நடத்தை விசாரணையில் அது கிளறப்படும். பல பிள்ளைகள் பழக்கத்தால் இதில் மாட்டுகிறார்கள்.

கேஸ் புக் முறைக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. அதில் வருவதெல்லாம் மேல்முறையீட்டின் முடிவுகள். கட்சிக்காரர் பாதி சொல்லி பாதி மறைப்பது, ஆவணம் கிடைக்காதது, சமரசம் பேசுவது எதுவும் அதில் இல்லை. கார்னகி அறக்கட்டளை 2007இல் வெளியிட்ட அறிக்கையும் இதைச் சுட்டிக்காட்டியது. இப்போது ஜே.டி. மாணவர் ஒவ்வொருவரும் குறைந்தது 6 கிரெடிட் செய்முறைப் பாடம் எடுக்க வேண்டும். அதில் சிறந்தது ‘கிளினிக்’: வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட வாடகைதாரர், தஞ்சம் கேட்டு வந்தவர் போன்ற உண்மையான கட்சிக்காரர்களுக்கு, மேற்பார்வை வழக்கறிஞரின் பொறுப்பில் மாணவர்களே வேலை செய்கிறார்கள். எல்.எல்.எம். மாணவரை அங்கே சேர்ப்பார்களா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடு. எனக்கு வாய்ப்புக் கொடுத்தால், பள்ளியின் தரவரிசையைவிட இதை வைத்தே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

இங்கே வழக்கறிஞராகப் பதியும் எண்ணம் இருந்தால் நியூயார்க் விதிகளைப் பார். உன் பட்டம் கால அளவில் இங்குள்ளதற்குச் சமமா, ஆங்கிலப் பொதுச்சட்ட (காமன் லா) மரபில் அமைந்ததா என்று இரண்டையும் பார்ப்பார்கள். ஒன்றில் மட்டும் குறை என்றால் எல்.எல்.எம். அதைச் சரிசெய்யும். ஆனால் 24 கிரெடிட்டில் தொழில் நெறி 2, சட்ட ஆய்வும் எழுத்தும் 2, அமெரிக்கச் சட்ட அறிமுகம் 2, பார் தேர்வு எனப்படும் வழக்கறிஞர் தகுதித் தேர்வின் பாடங்கள் 6 இருந்தாக வேண்டும். வகுப்பு தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்க்காமல் விட்டு, பட்டம் வாங்கியும் தேர்வெழுத முடியாமல் போனவர்கள் உண்டு. 50 மணி நேர இலவசச் சட்டச் சேவையும் தேவை.

தகுதியை ஆராயும் வாரியம் ஆவணங்களை நீ அனுப்பினால் ஏற்காது. கல்லூரியும் பல்கலைக்கழகமும் நேராக அனுப்ப வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அதனால் கடைசி செமஸ்டர் முடியும்போதே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடு. அவர்கள் அனுப்பியதற்கான ரசீதின் நகலை வாங்கி வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா