படம் வேண்டாம் செல்வி, டேட்டாவை அனுப்பு

அன்புள்ள செல்வி,

நலம்தானே? அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து போட வந்தால்தான் அடம்பிடிக்கிறார். சீரியல் நடிகைகள் எவ்வளவு மேக்கப் போடுகிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறதாம், தினமும் அதே விமர்சனம். உன் பெரியவள் விடுதிக்குப் பழகிவிட்டாளா? சாப்பாட்டைப் பற்றிப் புலம்பினால் கண்டுகொள்ளாதே. நம் மெஸ் சாம்பாரைக் குடித்துப் பிழைத்தவர்கள்தானே நாமும்.

சரி, உன் ஆய்வில் பெண்களின் ஹீமோகுளோபின் சராசரி தப்பாக வந்த விஷயத்துக்கு வருகிறேன். போனில் அவசரமாக ஒரு வரி சொன்னேன், நீயும் சரியாகிவிட்டது என்றாய். ஏன் சரியானது, முதலில் நீ அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு என்னால் ஏன் எதுவும் சொல்ல முடியவில்லை என்பதை நிதானமாக எழுதுகிறேன். நாளைக்கு உன் மாணவிகளும் இதே மாதிரி ஒரு போட்டோவோடு உன் முன்னால் வந்து நிற்பார்கள்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் 11.2, 9.8, 10.4 என்று எண்கள் ஒழுங்காக இருந்தன. கீழே சராசரி மட்டும் 23. பெண்களுக்கு 15-ஐத் தாண்டுவதே அபூர்வம், 23 எப்படி வரும் என்று கேட்டாய். நியாயமான கேள்வி. படத்தில் தெரிந்த எண்களை என் கணினியில் தட்டிச் சராசரி எடுத்தேன், பத்தரைக்குப் பக்கத்தில் வந்தது. அதாவது, உன் கோளாறு என்னிடம் வரவே இல்லை. நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு அவர் போட்டோவை மட்டும் டாக்டரிடம் காட்டினால் அவர் என்ன செய்வார்?

அதனால்தான் டிபுட் (dput) போட்டு அனுப்பச் சொன்னேன். கையில் இருக்கும் தரவை, அதை அப்படியே திரும்ப உருவாக்கக்கூடிய நிரலாக, நாம் கணக்குப் போடும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளிலேயே எழுதித் தரும் கட்டளை அது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் அதை நகலெடுத்து என் திரையில் ஒட்டினால், உன்னிடம் இருப்பது அச்சு அசலாக என்னிடமும் இருக்கும். எண்கள் வெறுமனே நிற்கும், எழுத்துகள் மேற்கோள் குறிக்குள் நிற்கும். ஃபேக்டர் (வகைகளாகப் பிரித்து வைத்த தரவு) என்றால் அதன் லெவல்கள், அதாவது வகைப் பெயர்கள், எல்லாவற்றையும் கொட்டிவிடும். திரையில் அட்டவணையாகப் பார்க்கும்போது இந்த மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

நீ அனுப்பியதில் எண்கள் எல்லாம் லெவல்களாக மேற்கோள் குறிக்குள் இருந்தன. பட்டியலின் கடைசியில் 'நாட் டன்' (பரிசோதனை செய்யவில்லை) என்று ஒன்று. ரத்தம் கொடுக்க மறுத்த யாருக்கோ அந்தக் கட்டத்தில் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லால் நெடுவரிசை முழுவதும் எழுத்தாகிவிட்டது. உங்கள் ஆய்வகக் கணினியில் இருப்பதோ பழைய ஆர். 2020 ஏப்ரலில் 4.0.0 வரும்வரை, சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பை வாசிக்கும்போது எழுத்தைத் தானாகவே ஃபேக்டராக மாற்றுவதுதான் ஆரின் வழக்கம். சராசரி கேட்டதும் 'இது எண் இல்லை' என்று எச்சரித்திருக்கும். நீ எண்ணாக மாற்றும் ஆஸ் நியூமெரிக் (as.numeric) கட்டளையைப் போட்டாய், எச்சரிக்கை காணாமல் போனது.

ஆனால் ஃபேக்டருக்கு ஆஸ் நியூமெரிக் போட்டால் கிடைப்பது மதிப்பு இல்லை, லெவல் பட்டியலில் அது எத்தனையாவதாக நிற்கிறது என்ற எண். பட்டியல் எழுத்து வரிசைப்படி அடுக்கியது. எனவே 10.4 முன்னால் வரும், 9.8 அதற்கு வெகு பின்னால் வரும். நீ சராசரி எடுத்தது இந்த வரிசை எண்களுக்குத்தான். யோசித்துப் பார், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று பிரிக்கிறாய். உன் கணக்கில் 7.1 இருக்கும் பெண்ணுக்கு முப்பதுக்கு மேல் ஒரு எண் விழுந்து அவள் ஆரோக்கியமானவள் ஆகியிருப்பாள். 23 வந்தது உன் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். லெவல்கள் குறைவாக இருந்து சராசரி 10.6 என்று வந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது, அறிக்கையில் ஏறியிருக்கும். முதலில் எழுத்தாக மாற்றும் ஆஸ் கேரக்டர் (as.character), அதற்கு மேல் ஆஸ் நியூமெரிக் என்று நான் சொன்னது இதற்காகத்தான். 'நாட் டன்' மட்டும் விடுபட்ட மதிப்பாகும், அதையும் ஒரு எச்சரிக்கையோடு சொல்லும்.

இன்னொன்று கவனித்தாயா? நீ அனுப்பியது முதல் பத்து வரிகள்தான். அந்தப் பத்தில் 'நாட் டன்' இல்லவே இல்லை, லெவல் பட்டியலில்தான் இருந்தது. டிபுட் நீளமாக வந்தால், பயன்படாத லெவல்களை நீக்கும் டிராப்லெவல்ஸ் (droplevels) போட்டுச் சுருக்கச் சொல்வார்கள். பொதுவாக நல்ல யோசனைதான், இங்கே செய்திருந்தால் தடயமே போயிருக்கும். கேட்பவர் தனக்கு முக்கியம் என்று பட்டதைத்தான் காட்டுவார். கோளாறு எங்கே என்று தெரிந்தால் கேட்கவே மாட்டாரே! அதனால் மாணவிகளிடம், 'விளக்கிச் சொல்லாதே, ஓடுகிற மாதிரி கொடு' என்று சொல்லிவிடு. புதிதாகத் திறந்த ஆரில், பேக்கேஜ்களை ஏற்றும் லைப்ரரி வரியிலிருந்து தொடங்கி, அந்தக் கோளாறு வரும்வரை மட்டும் நிரல். கூடவே, ஆரின் பதிப்பையும் ஏற்றிய பேக்கேஜ்களையும் காட்டும் செஷன் இன்ஃபோ (sessionInfo). அதில் பதிப்பு எண் இருந்திருந்தால் உன் விஷயத்தில் பாதி நேரம் மிச்சம். ஜென்னி பிரையன் முதலில் எழுதிய ரெப்ரெக்ஸ் என்ற பேக்கேஜ் இருக்கிறது. புதிய செஷனில் ஓட்டி, நிரலையும் விடையையும் சேர்த்தே தரும். நிறுவச் சொல்.

அப்புறம், கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். உன் படத்தின் ஓரத்தில் பெண்களின் பெயரும் செல்போன் எண்ணும் இருந்தன. என் போனில் அழித்துவிட்டேன், நீயும் அழி. வேண்டிய நெடுவரிசையை மட்டும் எடுத்துத்தான் டிபுட் போட வேண்டும். அதையும் வெளியே காட்ட முடியாது என்றால், ஆரிலேயே கிடைக்கும் தரவில் கேள்வியைக் கேட்கலாம். விடுபட்ட மதிப்பு பற்றிய சந்தேகமா? ஏர்குவாலிட்டி (airquality) இருக்கிறது. 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க் காற்றின் 153 நாள் கணக்கு, ஓசோனில் 37 நாள் காலி. தானே எண்களை உருவாக்குவதென்றால், ஒவ்வொரு முறையும் அதே எண்கள் வர செட் சீட் (set.seed) போட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல், 2019-இல் வந்த 3.6.0-இல் குலுக்கல் முறையில் எடுக்கும் சாம்பிள் கட்டளையின் முறையை மாற்றிவிட்டார்கள், உன் பழைய ஆர் அதற்கும் முந்தியது என்றால், ஒரே சீட் கொடுத்தாலும் அதுவும் என் புதியதும் வேறு வேறு வரிகளைப் பொறுக்கும். கற்பனை டேட்டாவில் அதே கோளாறு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். உன் 'நாட் டன்' எந்தக் கற்பனை டேட்டாவிலும் முளைத்திருக்காது.

கிராமப் பட்டியலோடு இணைத்தால் பாதி கிராமங்கள் காணாமல் போகின்றன என்றாயே, எனக்குப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட இடைவெளி மேல்தான் சந்தேகம். டிபுட்டில் மேற்கோள் குறிக்கு முன்னால் அது அப்பட்டமாகத் தெரியும். இரண்டு அட்டவணையிலிருந்தும், காணாமல் போகிற நாலைந்து கிராமங்களும் கிடைக்கிற நாலைந்தும் சேர்த்து அனுப்பு. எத்தனை வரி வர வேண்டும், எத்தனை வருகிறது என்றும் எழுது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன். சனிக்கிழமை அம்மாவை மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும், அன்று போன் எடுக்க மாட்டேன்.

அன்புடன்,
வசந்தா