பயிர் கேட்கும்போது பசளை வேண்டும்

பசளை மானியத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

இந்தக் காலபோகத்திலும், அதாவது மாரி நெற்போகத்திலும், பசளை மானியக் காசு பிந்தித்தான் வந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லியிருக்கிறோம், உங்களுக்குத் தெரியாத கதை இல்லை.

என் வயல் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம். குளத்துப் பாய்ச்சல் இல்லாத மானாவாரி நிலம். புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்போம். விதைத்து இரண்டாம் கிழமை போட வேண்டிய யூரியா கையில் இல்லை. நாலாம் கிழமையும் போய்விட்டது. அடியிலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகத் தொடங்கியதும் மனைவி தன் காப்பை அடைவு வைத்தார். இரண்டு தடவைக்குரியதை ஒரே நாளில் வீசினேன். அன்றிரவே கொட்டியது மழை. விடியப் போனால் வரம்பு தெரியவில்லை. ஒரு மூலையில் உடைத்துக்கொண்டு தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. காப்பும் அதோடுதான் போனது.

50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. ஓடியது போக மிச்சமாவது பயிருக்கா என்றால், அதுவும் முழுக்க இல்லை. எங்கள் வயல் நனைந்தும் காய்ந்தும் மாறி மாறிக் கிடப்பது. மண் காயும்போது நுண்ணுயிர்கள் நைதரசனை நைத்திரேற்றாக்கும். அடுத்த மழையில் மண்ணுக்குள் காற்று இல்லாமல் போனதும் வேறு நுண்ணுயிர்கள் அந்த நைத்திரேற்றை உடைக்கும். அதில் ஒரு பங்கு நைதரசு ஒட்சைட்டு என்ற வாயுவாக மேலே போகிறது. எங்கள் வெக்கையில் இதெல்லாம் விரைவாக நடக்கும். போடும் நைதரசனில் நூற்றுக்கு ஒரு பங்களவுதான் இப்படிப் போவதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் அந்த வாயு ஒரு கிலோ, நூறு ஆண்டுக் கணக்கில், 273 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. பயிர் எடுக்காத நைதரசன் மண்ணில் கூடக் கூட அந்த வாயுவும் கூடுகிறது.

அதனால்தான் கேட்கிறோம்: மானியத்தை விதைப்புக்கு முன் தாருங்கள்.

2019 ஒக்டோபரில் கொழும்பில் பல நாடுகள் கூடி, கொழும்புப் பிரகடனம் வந்தது. வீணாகும் நைதரசனை 2030க்குள் பாதியாக்குவோம் என்றார்கள். 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையைத் திடீரென்று நிறுத்தியது, விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். பசளையே இல்லாத போகத்தையும் கண்டோம், நேரம் தப்பிய பசளையையும் காண்கிறோம். கண்ணிவெடி எடுத்த காணியில் மறுபடி உழுது விதைத்தவர்கள் நாங்கள். எங்களுக்கு வகுப்பு வைத்து, பசளையை அளவாகப் பிரித்துப் போடுங்கள் என்கிறீர்கள். சரி, நேரத்துக்குக் கையில் இருந்தால்தானே பிரித்துப் போடலாம்?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மானியம் விதைப்புக்கு முன் வர வேண்டும். அப்புறம், எங்கள் கமக்காரர் அமைப்புக்கு நாலைந்து இலை நிற அட்டைகள் தந்தால், இலையோடு வைத்துப் பார்த்து, பச்சை குறைந்தால் மட்டும் யூரியா போடுவோம். அடுத்த காலபோகத்துக்குப் புரட்டாதியில் விதைப்போம். ஆவணிக்குள் காசு கைக்கு வரத் தயவுசெய்து ஒழுங்கு செய்யுங்கள்.

இப்படிக்கு,
வன்னி மானாவாரிக் கமக்காரன் ஒருவன்