பாய்மரத்தை நிமிர்த்திக் கொடுத்த கைகளுக்கு நன்றி

அன்புடையீர்,

எங்கள் ஜே/24 கீல்படகு (அடியில் கனமான துடுப்பு பொருத்திய பந்தயப் பாய்ப்படகு) காற்றை நோக்கியே திரும்பத் துடித்தது. அதைத் தணிக்க, பாய்மரம் பின்பக்கம் சாய்ந்திருந்த சாய்வைக் குறைக்க உதவிய அனைவருக்கும் இந்த மடல். உங்கள் உதவியை அளவுகளோடு எழுதி வைப்பதே சரியான நன்றி என்று நினைக்கிறோம்.

முதலில், எங்கள் பக்கத்திலேயே படகோட்டிய குழுவுக்கு. 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) காற்றில், படகு நேரே போக உங்கள் சுக்கான் 4 டிகிரிக்குள் திரும்பி நின்றது. எங்களுடையது 8-ஐத் தாண்டியது. இரு படகும் பக்கவாட்டில் ஒரே அளவு சரிந்து, டிராவலரும் (பெரிய பாயின் கயிறு பக்கவாட்டில் நகரும் தண்டவாளம்) ஒரே இடத்தில் இருந்ததால்தான் ஒப்பீடு நம்பும்படி இருந்தது.

பாய் தைப்பவருக்கு அடுத்த நன்றி. துணி இழுபட்டுப் பெரிய பாயின் வயிறு பின்னுக்கு நகர்ந்தாலும், படகு இதேபோல் காற்றை நோக்கித் திரும்பத் துடிக்கும். பாயைப் பார்த்து அது இல்லை என்று அவர் சொன்ன பிறகே கம்பிகளைத் தொட்டோம்.

கம்பி வேலைக்காரருக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. இந்தப் படகில் பாய்மரம் தளத்தைத் துளைத்து உள்ளே உத்தரத்தின் மேல் நிற்கிறது. தளத் துளையில் இறுக்கிய ஆப்புகளைக் கழற்றாமல் ஃபோர்ஸ்டேயை (மரத்தை முன்பக்கம் தாங்கும் கம்பி) குறைத்தால் மரத்தின் சாய்வு மாறாது, வளைவுதான் மாறும். பலர் ஏமாறும் இடம் இதுதான். அவர் பேக்ஸ்டேயையும் (பின்பக்கக் கம்பி) ஷ்ரவுட்களையும் (பக்கக் கம்பிகள்) தளர்த்தி, ஆப்புகளை எடுத்த பிறகுதான் டர்ன்பக்கிளை (கம்பியின் நீளத்தை மாற்றும் திருகு) தொட்டார். பளு தாங்கும் ஸ்டெயின்லெஸ் புரியைத் திருகினால் அது கடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

அங்குலத்துக்கு 24 புரி, இரு முனையும் சேர்ந்து ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மி.மீ. 7 சுற்றில் ஃபோர்ஸ்டே 15 மி.மீ. குறைந்தது. ஃபோர்ஸ்டே நீளத்தை, அணியத்திலிருந்து மரம் வரையுள்ள 2.9 மீட்டரால் வகுத்தால் ஏறக்குறைய 3 வரும். ஆகவே கம்பி கட்டிய உச்சி 45 மி.மீ. முன்னே வந்தது. மரம் தளத்தை அச்சாகக் கொண்டு திரும்புவதால் அடிப்பகுதியை 6 மி.மீ. பின்னே தள்ளினார். அதை விட்டிருந்தால் மரத்தின் கீழ்ப்பாதி விறைத்து, பாய் தேவைக்கு மேல் உப்பியிருக்கும். கடைசியில் ஆப்புகளைத் திரும்ப இறுக்கி, டர்ன்பக்கிள் தானாகக் கழலாமல் தடுக்கும் ஊசிகளையும் மாட்டினார்.

தூக்குக்குண்டை வாளித் தண்ணீரில் தொங்கவிட்டு, அது ஆடி அடங்கும்வரை பொறுமையாக அளவெடுத்த இளைஞர்களே, படகில் யாரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டீர்களே, அதனால்தான் முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை ஒப்பிட முடிந்தது. ஹாலியார்டை (பாயை ஏற்றும் கயிறு) இரு பக்கச் சங்கிலித் தகடுகளுக்கும் (பக்கக் கம்பிகள் படகில் மாட்டும் இடம்) இழுத்து, உச்சி நடுவில் நிற்பதையும் உறுதிசெய்தீர்கள்.

ஃபோர்ஸ்டேயின் நீளத்துக்கு வகுப்பு விதி (ஜே/24 படகுகளுக்கான பந்தய விதி) வைத்திருக்கும் எல்லைக்குள் நாங்கள் நிற்கிறோமா என்று டேப் பிடித்துப் பார்த்த அளவையாளருக்கும் நன்றி.

இப்போது அதே காற்றில் சுக்கான் 4 டிகிரி. பூம் (பெரிய பாயின் அடித்தண்டு) முனை 17 மி.மீ. உயர்ந்திருக்கிறது, ஜெனோவாவின் (பெரிய முன்பாய்) இழுகயிற்று வண்டியை ஒரு துளை பின்னே வைத்திருக்கிறோம். 6 நாட் காற்றுக்குக் கீழே சுக்கான் பிடியில் உயிர் (கைக்குத் தெரியும் இழுப்பு) குறைகிறது. குழுவைக் காற்றுமறைப் பக்கம் உட்கார்த்திச் சற்றே சரித்தால் திரும்பக் கிடைக்கிறது. புதிய அளவுகள் மரத்தின் அடியில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன. உங்களில் யாருடைய படகுக்குப் பயன்பட்டாலும் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
படகுக் குழுவினர்